இளகிய ஆணியும் இறுகிய பிடியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மோட்டாரில் ஏறியிருக்கும் நேயர்களுக்கு அந்த மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் நன்றாக ஞாபகமிருக்கும். வளைவுக்கு வளைவு நாம் ஒரு பக்கமும் நம்முடைய வயிறு மற்றொரு பக்கமுமாகத் திரும்புவதால், வேறு எதையும் கவனிக்கிற மனோநிலை அப்போது நமக்கு இருப்பதில்லை. ஆனால் அதே சமயத்தில் நம்மைச் சுமந்து செல்லும் வண்டியின் உடம்பும் முறுக்கிக் கொள்கிறது. கதவு ஒரு பக்கம் இழுக்கிறது. கூரை ஒரு பக்கம் இழுக்கிறது. தரைத் தகடு இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறது. இவ்வளவு இழுபறியிலும் தகடுகள் தனித்தனியே பிரிந்து பள்ளத்தாக்கை நோக்கிப் பிரயாணம் செய்யாமல் ஒன்றாக நிற்கின்றன என்றால், அதற்குக் காரணமாயிருப்பவற்றுள் ஒன்று மிகச் சின்னஞ்சிறு பொருள். அதற்கு நல்ல தமிழில் தறையாணி என்று பெயர். பட்டறைகளில் ரிவெட் என்றால்தான் தெரியும். நாமும் பட்டறைக்காரர்களையே பின்பற்றுவோம்.

"மோட்டார் இல்லாத வீட்டுக்கு ரிவெட் எதற்கு?" என்று கேட்கும் இல்லத்தரசிகள் தயவு செய்து ஒரு நிமிஷம் சமையலறைக்குள் சென்று அலுமினிய வாணலியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைப்பிடி பொருந்தும் இடத்தில் இரண்டு அல்லது மூன்று சிறு பொட்டுகள் தெரியும். அவைதான் ரிவெட்டுகள். ஒரு பக்கம் தலையுள்ள குட்டை ஆணியைத் துளையில் நுழைத்து, மறு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை அடித்துப் பரப்பி இன்னொரு தலையாக்கி விடுகிறார்கள். திருகாணியைப்போல் இதைக் கழற்ற முடியாது. சாதாரண ஆணியைப்போல் பிடுங்கவும் முடியாது. இரண்டு தலைகளும் நடுவிலுள்ள தகடுகளை நெருக்கிப் பிடிக்கின்றன. அத்துடன், அடிபட்ட உடல் துளைக்குள்ளேயே சற்றுப் பருத்து அதை இடைவெளியின்றி நிரப்புகிறது. கைப்பிடி ஆடத் தொடங்கிவிட்டது என்றால், தலை கழன்று விட்டது என்று அர்த்தமல்ல. துளைக்கும் உடலுக்கும் இடையே மயிரிழை இடம் உண்டாகி விட்டது என்று அர்த்தம். இந்த மயிரிழை சமாசாரம்தான் இன்றைய கட்டுரையின் சாரம்.

சேர்வராயன் மலைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள பந்தம் மோட்டார் பிரயாணத்தோடு முடிந்து விடுவதில்லை. ஏற்காடு, நாகலூர், தலைச்சோலை முதலிய ஊர்களைத் தாங்கி நிற்கும் இந்த மலை, காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் பெயர் பெற்றது. காப்பிச் செடியை இங்கே கொண்டு வந்தவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்னும் வெள்ளைக்காரர். ஆனால் அவருடைய காப்பி வேர்களுக்கு அருகிலேயே இன்னொரு செல்வம் கிடந்ததென்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்த மலையின் கருங்கல் எண்ணற்ற ஆண்டுகள் மழையில் நனைந்து வெயிலில் உலர்ந்து மக்கிற்று. கல்லிலிருந்த மணற் சத்தை மழை கரைத்துக்கொண்டு போய் விட்டது. கரையாமல் உச்சியில் தங்கிய செம்மண் கட்டிதான் பாக்ஸைட் என்னும் அலுமினியத் தாது. பிரான்ஸ் தேசத்தில் லே போ என்ற ஊருக்குப் பக்கத்தில் 1821-ஆம் ஆண்டில் பெர்த்தியே என்பவர் இத்தகைய மண்ணை ஆராய்ந்தார். அந்த ஊரின் பெயரே தாதுவுக்கும் பெயராயிற்று.

மண் கிடைத்துவிட்டால் உலோகம் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அலுமினியம் மண்ணை விட்டு லேசில் பிரிந்து வராது. சுமார் நான்கு அல்லது ஐந்து டன் பாக்ஸைட்டைக் காரத்தில் வேகவைத்துச் சுத்தம் செய்தால் இரண்டு டன் வெள்ளைப் பொடி கிடைக்கும். அந்தப் பொடியை உருகிய உப்பில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் ஒரு டன் அலுமினியம் கிடைக்கும். இந்த மின்சார முறையை அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் 1886-ஆம் ஆண்டில் கண்டு பிடித்தார்கள். அதற்கு முன்னால் அலுமினியம் வெள்ளிக்குச் சமானமான விலையுயர்ந்த சரக்காயிருந்தது. பிறகுதான் அது நம்முடைய சோற்றுப் பானையாகிற நிலைமைக்கு இறங்கி, அல்லது உயர்ந்து, வந்தது.

நமது மாகாணத்தில் இதற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. சென்னையில் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் என்னும் தொழிற்கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1898-ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பகுதி ஒன்றை ஆரம்பித்தார். தகடு கப்பலில் வந்தது. அதை அடித்து உருவாக்கிய கைகள் நம்மவர்களுடையவை. தொழில் வேரூன்றியதும் 1903-ஆம் ஆண்டில் அது ஒரு தனிக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரத நாட்டிலேயே அலுமினியம் உருக்கும் வேலை 1943-ஆம் ஆண்டில் ஆலுவாவில் தொடங்கிற்று. சேர்வராயன் மலையின் முறை அதன் பிறகுதான் வந்தது. 1960-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மேட்டூரில் கட்டிய ஆலையில் 1965-ஆம் ஆண்டு முதல் உலோகம் எடுத்தது. ஏற்காட்டு மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய தாது லாரிகளில் கீழே இறங்கிப் போயிற்று. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் தேவை. மின்சாரச் செலவைத் தாங்க முடியாமல் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த உலைகள் அணைந்தன. மலையிலிருந்து எடுத்தது போக மிஞ்சியது, மண் வெட்டிய இடங்களும் ஊரெல்லாம் பரவிப் போன வெள்ளைத் தகடுகளும்தான். அந்தத் தகடுகளைத் தூக்கி எறியாமல் காப்பாற்றுவது எப்படி என்பதை மலையின் பெயரால் நாம் யோசிப்பது நியாயமே அல்லவா?

இனி, பழைய கார்களின் விஷயத்துக்கு வருவோம்.

இரண்டாவது மகா யுத்தம் முடிந்தபோது இங்கிலாந்தில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது. அந்தக் கஷ்டத்தில் பிறந்த வண்டி லாண்ட் ரோவர். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை முதன் முதலில் ஜனங்கள் பார்த்தார்கள். சட்டம் எஃகு; உடம்பின் பெரும் பகுதி பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலப்புத் தகடு. தகடுகளைப் பல இடங்களில் ரிவெட்டுகளால் இணைத்தார்கள். இந்த வண்டியைத் தவிர, அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பக்கவாட்டு அலங்காரப் பட்டைகளும், எஞ்சின் அறையிலுள்ள எண் தகடுகளும் மிருதுவான அலுமினிய ரிவெட்டுகளாலேயே பொருத்தப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பஸ்களின் உடம்பும் இதே ஜாதிதான். கரூர்ப் பட்டறைகளில் பஸ் கட்டுகிறபோது எழும் 'டக்டக்' சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, ரிவெட் அடிப்பது நம்மவர்களுக்குப் புதிய வித்தையல்ல என்று தெரியும்.

பழைய காரைப் புதுப்பிப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் சிரிக்கலாம். பாட்டனார் வாங்கி, தகப்பனார் ஓட்டி, பேரன் கையில் துருவோடு வந்து சேர்ந்திருக்கும் வண்டியைப் பார்த்து அவ்வளவு எளிதில் சிரித்துவிட முடியாது. மேலும் இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் வகுத்த விதிகளின்படி, ஐம்பது வயது கடந்து, ஆதி வடிவம் மாறாமல் பாதுகாக்கப்பட்டு வரும் சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் என்று தனியாகப் பதிவு செய்து கொள்ளலாம். சட்டத்தையோ, உடம்புக் கூட்டையோ, எஞ்சினையோ பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. எனவே, பிய்ந்த பழைய உடம்பை எறிந்து விட்டுப் புதிய உடம்பு கட்டிக்கொள்வது சுலபமான வழியே தவிர, சரியான வழியல்ல. பழைய தகட்டையே காப்பாற்றியாக வேண்டும். அதைக் காப்பாற்றுவதும் பாழாக்குவதும் பெரும்பாலும் ரிவெட் அடிக்கும் ஒரு பிற்பகலில் தீர்மானமாகி விடுகிறது.

அந்தப் பிற்பகலைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாம். டிங்கர் பட்டறைக்குச் சொந்தக்காரர் வண்டியோடு வந்து நிற்கிறார்.

"மேஸ்திரி, இந்த ரிவெட்டெல்லாம் ஆடுகிறதே! இரும்பு ரிவெட்டாகப் போட்டு விடுங்கள். பலமாயிருக்கட்டும்" என்கிறார்.

"இரும்பு போட்டால் ஆணி பலமாயிருக்கும் சார், தகடு இருக்காது" என்று மேஸ்திரி பதில் சொன்னால், அவர் கெட்டிக்காரர். அவரிடம் வண்டியை நம்பி விட்டுவிட்டு வரலாம். "ஆகட்டும் சார்" என்று உடனே தலையாட்டினால், அடுத்த பட்டறையைப் பார்ப்பது நல்லது.

இதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நனைந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்சார பாட்டரி உண்டாகிறது. இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் பெரும்பாலும் அரிக்கப்படுவது அலுமினியந்தான். மூடுபனி மாதக்கணக்கில் குடியிருக்கும் ஏற்காடு போன்ற இடத்தில் இந்த பாட்டரிக்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது. இரும்பு ரிவெட்டைச் சுற்றி அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும், துளை பெரிதாகும், பிறகு எவ்வளவு பலமான ஆணியும் காற்றைத்தான் பிடித்துக் கொண்டிருக்கும். செம்பு ரிவெட்டானால் இன்னும் மோசம். இதற்கு நேர்மாறாக, பெரிய இரும்புச் சட்டத்தில் சின்ன அலுமினிய ரிவெட்டை வெறுமே அடித்தால், அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன ஆணியின் தலையிலேயே விடியும். ஆகையால் இரும்பும் அலுமினியமும் சேர வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் நடுவே நல்ல வர்ணப் பூச்சோ, அதற்கென்றே விற்கும் பசையோ தடவித்தான் ரிவெட் அடிக்க வேண்டும். பழைய வண்டிகளில் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும் அடிப்பூச்சு குரோமேட் கலந்ததாயிருக்கலாம். அதைச் சுரண்டும்போது எழும் தூசி விஷம். மூக்கையும் வாயையும் காத்துக்கொள்ள வேண்டும்.

இரும்பை விலக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிவெட் தகட்டைவிட மிருதுவாயிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் சூத்திரம். சுத்தியல் அடி விழும்போது இரண்டில் ஒன்று இளகிக் கொடுத்துத்தான் தீரவேண்டும். ஆணி இளகினால் அது துளையை நிரப்பித் தலை விரிக்கும். ஆணி பிடிவாதமாயிருந்தால் தகடு இளகும். துளையைச் சுற்றிக் குழி விழும். வெளிப்பக்கம் அலை அலையாய்ப் போகும். ஐம்பது வருஷத்துக்குப் பின் ஏதாவது விபத்து நேர்ந்தாலும், மிருதுவான ரிவெட்தான் முதலில் அறுந்து போய்த் தகட்டைப் பிழைக்க வைக்கும். ஆணி ஒன்றுக்குச் சில காசுகள். தகட்டுக்கோ பதில் கிடையாது.

ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து மாட்டுகிற குழல் ரிவெட் இப்போது எங்கும் கிடைக்கிறது. பின்பக்கம் கை எட்டாத இடத்துக்கு அது உதவும். பழைய லாண்ட் ரோவரிலேகூடச் சில இடங்களில் அது உண்டு. ஆனால் உடல் பொள்ளலாயிருப்பதால் துளையை முழுவதும் நிரப்பாது. தண்ணீர் புக வழி உண்டு. சில ரகங்களில் இழுத்த ஊசியின் துண்டு எஃகாயிருந்து உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். ஆகவே கெட்டி ரிவெட் இருந்த இடத்தில் கெட்டி ரிவெட்டே இருக்கட்டும்.

தளர்ந்த ரிவெட்டைக் கண்டு பிடிப்பதெப்படி? வண்டியைக் கழுவி ஓட்டிய பிறகு ரிவெட் தலையைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் கருமை தோன்றினால், ஆணி உள்ளே உராய்கிறது என்று பொருள். அலுமினியம் அரைபட்டு உண்டான நுண்பொடிதான் அந்தக் கருமை. அப்படிப்பட்ட ரிவெட்டை மறுபடி அடித்து இறுக்கப் பார்ப்பது வீண் வேலை. எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். எடுக்கும்போது உளியை வைத்துத் தலையைச் சீவுகிறவர்கள் துளையையும் சேர்த்தே கிழித்து விடுகிறார்கள். தலையின் நடுமையத்தில் புள்ளிக் குத்தி, ஆணியின் பருமனுக்கு மேற்படாத டிரில்லால் தலையின் கனம் மட்டும் துளைத்து, தலையைத் தட்டிப் பெயர்த்துவிட்டு, பின்புறம் முட்டுக் கொடுத்துக்கொண்டு உடலை மெல்ல வெளியே தள்ள வேண்டும். துளை ஏற்கனவே அகன்று போயிருந்தால் அடுத்த பருமன் ரிவெட் போட வேண்டுமே தவிர, பெரிய துளையில் பழைய பருமனைத் திணிக்கக் கூடாது.

இனி அளவு. எட்டில் ஒரு அங்குலத்தை நம் தொழிலாளர்கள் ஒரு நூல் என்பார்கள். மில்லிமீட்டரில் சுமார் 3.2. இரண்டு தகடுகளும் தலைக்கு 1.2 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நூல் ரிவெட் ஏறக்குறையப் பொருத்தமாயிருக்கும். தகட்டுக் கனத்தைப்போல் மும்மடங்கு பருமன் என்பது பொதுக் கணக்கு. நீளத்துக்கு, தகடுகளின் மொத்தக் கனத்தோடு ஆணிப் பருமனில் ஒன்றரை மடங்கைக் கூட்டிக் கொள்ள வேண்டும். அதாவது 2.4-உம் 4.8-உம் சேர்ந்து 7.2 மில்லிமீட்டர். அடித்து முடித்ததும் புதிய தலை பருமனில் ஒன்றரை மடங்கு அகலமும், பாதி உயரமும் இருந்தால் சரி. இங்கே அகலம் 4.8, உயரம் 1.6. வால் நீளமாயிருந்தால் சாய்ந்து மடங்கி விடும். குட்டையாயிருந்தால் தலை போதாது. துளை 3.3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தகட்டின் ஓரத்திலிருந்து துளை மையம் குறைந்தது இரு மடங்கு பருமன் தள்ளியிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மும்மடங்குக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் தபால் தலைத் தாளைப்போல் தகடு துளை வரிசையோடு கிழியும்.

துளைத்த இடத்திலுள்ள பிசிறுகளை இரு தகட்டிலும் வழித்தெடுக்க வேண்டியது மிக முக்கியம். தகடுகளின் நடுவே ஒரு பிசிறு சிக்கினாலும் அவை ஒட்டி உட்காரா. ஆணி அந்த இடைவெளியில் புகுந்து பருத்து, தகடுகளை நெருக்குவதற்குப் பதிலாகப் பிரித்து வைக்கும். சம்பந்திகளின் நடுவே புகுந்த கோள்காரனைப்போல என்று சொல்லலாம். பிறகு, நாலைந்து துளைகளுக்கு ஒன்று வீதம் சிறு திருகாணி போட்டு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலைக்கு நேரே ஓடினால், தகடு நீண்டுகொண்டே போய் முடிவில் அப்பளம்போல் உப்பி நிற்கும்.

ரிவெட் போதிய மிருதுவாயிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கடையில் வாங்கும் சுத்த அலுமினிய ரிவெட் சாதாரணமாக மிருதுவாகவே இருக்கும். சற்று இறுகியிருந்தால் காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும். இங்கேதான் இரும்பில் பழகிய கொல்லருக்குச் சோதனை. இரும்பு காயும்போது செங்கருப்பு, செம்மை, ஆரஞ்சு என்று நிறத்தாலேயே பேசும். அலுமினியமோ வாயைத் திறக்காது. 660 டிகிரியில் உருகும் அந்த உலோகம், உருகும் வரையில் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பதே இல்லை. 'இன்னும் காயவில்லை' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சொட்டாகி விடும். வேண்டிய உஷ்ணம் 350 டிகிரிக்குச் சற்று மேல்தான். வெப்பமானி இல்லாத பட்டறைகளுக்கு வண்ணான் வீட்டுப் பொருளொன்று கை கொடுக்கிறது. உலோகத்தின்மேல் துணி சோப்பை உலர்வாகத் தேய்த்து, மறு பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்ட வேண்டும். சோப்பு பழுப்பேறிக் கறுத்ததும் சூட்டை நிறுத்த வேண்டும். பிறகு தானே ஆறினாலும் சரி, தண்ணீரில் போட்டாலும் சரி, மிருதுத் தன்மை கெடாது.

இந்த முறை சுத்த அலுமினியத்துக்குத்தான். செம்பும் மக்னீஷியமும் கலந்த கடின ரகங்களின் குணம் வேறு. ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்னும் விஞ்ஞானி 1906-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரம் கண்டார். அவர் செய்த கலப்பு, சுட்டுத் தண்ணீரில் தோய்த்தவுடன் மிருதுவாயிருந்தது. சும்மா வைத்திருக்க வைத்திருக்க, நாளுக்கு நாள் தானே கடினமாயிற்று. அதுதான் டியூராலுமின். ஆகாய விமானங்களில் அடிக்கும் அத்தகைய ரிவெட்டுகளுள் சிலவற்றைச் சுட்டுத் தோய்த்து ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். குளிரில் அவற்றின் இறுகும் சுபாவம் தூங்குகிறது. வெளியே எடுத்தால் ஒரு ரகத்தை இருபது நிமிஷத்துக்குள் அடித்தாக வேண்டும்! பழைய காரின் எண் தகட்டுக்கும் அலங்காரப் பட்டைக்கும் இந்த ஐஸ் பெட்டி வைபவமெல்லாம் தேவையில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. வெட்டுத் தாங்கும் சக்தியில் சுத்த அலுமினிய ரிவெட், விமானங்களில் சாதாரணமாகப் போடும் கலப்பு ரிவெட்டில் மூன்றில் ஒரு பங்குதான். பாரம் தாங்கும் இணைப்புகளில், தயாரித்தவர்கள் எந்த ரகம் போட்டார்களோ அதையேதான் போட வேண்டும். மிருதுவானது எங்கும் நல்லது என்று சொல்ல வரவில்லை. தகட்டுக்கு ஏற்ற மிருது என்பதுதான் விஷயம்.

கடைசியாக, அடி. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்பக்கத்திலிருந்து அடிக்கிறார்; அவர் கையிலுள்ள உளியின் முனை, ரிவெட் தலைக்கு ஏற்றபடி கிண்ணம்போல் குழிந்திருக்கும். மற்றொருவர் வண்டியின் உட்புறத்தில் முடங்கிக்கொண்டு, முகம் பளபளவென்று தேய்த்த கனமான இரும்புக் கட்டியை வாலின்மேல் அழுத்திப் பிடிக்கிறார். வாலைத் தலையாக்குவது உண்மையில் இந்த இரும்புக் கட்டிதான். முன்னால் விழும் அடி ஆணியின் வழியே ஓடி, அசையாத இந்தக் கட்டியில் மோதித் திரும்பி வாலை நசுக்குகிறது. கட்டி கனமில்லாவிட்டாலும், பிடிப்பவர் கை துள்ளினாலும், ஒரு இழை சாய்ந்தாலும் தலை கோணிவிடும். அடிகள் கணக்காக இருக்க வேண்டும். மூன்று நான்கு திடமான அடிகளில் தலை விரிந்துவிட வேண்டுமே தவிர, நாற்பது தட்டுகள் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். இறுகிய பின் தட்டினால் தலையின் ஓரம் வெடிக்கும். அடிக்கும் சமயத்தில் இருவரும் கண்களுக்குக் கண்ணாடியும் காதுகளுக்குப் பஞ்சும் வைத்துக்கொள்வது, டாக்டருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தும்.

வேலை முடிந்த பிறகு வர்ணம் பூசி மெருகேற்றி வண்டியைக் காட்சிக்கு நிறுத்துகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் முன்விளக்கைப் புகழ்கிறார்கள். ஆசனத்துத் தோலைத் தடவிப் பார்க்கிறார்கள். ரிவெட்டைப் பார்ப்பவர் யார்? பார்க்கிற ஒருவர் இருவரும் வெளித் தலையைத்தான் பார்ப்பார்கள். உட்புறத்துத் தலை தரை விரிப்பின் அடியில் மறைந்து போயிற்று. அந்தத் தலையை உண்டாக்க, இருட்டில் கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் தன் மணிக்கட்டில் வாங்கியவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

சொந்தக்காரர்கள் விசாரிக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். பஸ் கட்டும் ஊர்களில் இந்த வித்தை தெரிந்த வயதான மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டுப் பசையும் மின்சார வெல்டிங்கும் குழல் ரிவெட்டும் பெருகிவிட்ட நாளில், கெட்டி ரிவெட்டைக் கையால் அடிக்கும் வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். தேடி வருகிறவர்கள் இல்லாவிட்டால் கற்றுக்கொள்கிற பையன்களும் இல்லாமற் போவார்கள். தேர்ந்த மேஸ்திரியிடம் வேலை கொடுத்து, பின்னால் கட்டி பிடிக்க ஒரு பையனையும் வைத்துக்கொள்ளச் சொல்லி, அவனுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால், ஒரு வண்டியோடு ஒரு வித்தையும் பிழைக்கும்.

செலவுக் கணக்கிலும் இது நஷ்டமில்லை. பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்ப எடுப்பதற்கு, தாதுவிலிருந்து எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு சக்திதான் செலவாகிறது என்கிறார்கள். உருக்காமலே, இருந்த இடத்தில் இருந்தபடியே காப்பாற்றிவிட்டால் அந்த ஒரு பங்கும் மிச்சம். மழை யுகயுகமாகக் கழுவிச் சேர்த்து வைத்த மண்ணை மனிதர்கள் சுமார் நாற்பது வருஷத்தில் வெட்டி எடுத்து உருக்கி முடித்து விட்டார்கள். அந்த மண்ணில் பிறந்த தகடு ஒன்று நம் வீட்டு வாணலியிலோ, கொட்டகையில் நிற்கும் வண்டியிலோ இருக்கவும் கூடும். அது கிழிந்து போகாமல் இன்னும் ஐம்பது வருஷம் இருப்பதற்கு வேண்டியவை, தன்னைவிட மிருதுவான ஓர் ஆணியும், பின்னால் அசையாத ஒரு கையுந்தான்.